அத்தைக்கு முன்சீட்டு

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் தவிர. அது எப்போதும் தனிக் கட்சி. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் போனில் எதைச் சொன்னாலும் பக்கத்தில் நின்று அப்பா திருத்துகிறார், முடிவில் நீ கேட்பது அவருடைய கதையாக இருக்கிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஒட்டிவிடுவேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, அப்பா தலைமை வகிக்க, உன் சித்தப்பா முன்மொழிய, ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மலை ஊர்களுக்கும் புனிதத் தலங்களுக்கும் போகப்போகும் வாடகைக் காரில் முன்சீட்டில் அத்தைதான் உட்கார வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். இதன் கனம் உனக்குப் புரியும். எந்த வண்டியானாலும் முன்சீட்டு அப்பாவுடையது. கல்யாணமாகி என்னை அழைத்துவந்த அன்றுகூட நான் பின்னால் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்க, அவர் முன்னால் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். அப்படிப்பட்டவர் தானாக இறங்கிக் கொடுக்கிறார் என்றால் விஷயம் சாதாரணமாக இருக்குமா?

வெளியே சொன்ன காரணம் இதுதான். அத்தை பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். வேலைக்காலம் முழுவதும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மலைக்குப் போகும் வண்டிகளையெல்லாம் மைக்கில் பெயர் சொல்லி அனுப்பிவைத்தவள், ஒரு மலையையும் பார்த்ததில்லை. அவளுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா என்றார்கள். வெளியே சொல்லாத காரணம் சித்தப்பாவின் இரட்டைப் பிள்ளைகள். நடக்கக் கற்றதிலிருந்து அவர்கள் எந்த ஆயாவையும் நிலைக்க விடவில்லை. கடைசியாக வந்தவள் பின்பக்கக் கதவு வழியாகப் போனாள், செருப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சித்தி ஆய்வுக்கூட வேலையை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சித்தப்பாவின் பெயின்ட் கடையோ அவர் இல்லாவிட்டால் ஒரு டப்பாகூட விற்காது என்பது அவருடைய அபிப்பிராயம். ஆகவே கல்யாணமே செய்துகொள்ளாத அத்தை நம் வீட்டை விட்டு அவர்கள் வீட்டுக்கே குடிபோய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போகும்வரை அங்கே இருப்பாள், அப்புறம் அவளுக்கே பழகிவிடும். அத்தையைக் கேட்பது ஒன்றுதான் பாக்கி. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா.

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அது பிடிக்கவில்லை. அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் யாரோடு சேர்ந்து நான் அப்பாவைப் பற்றிப் பேசுவது? அத்தையைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்தே விடிவதற்குள் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, பால்காரர் எவ்வளவு தாமதம் என்று அவரிடமே தினமும் அறிவித்துக்கொண்டிருந்தாள். அவர் நம் தெருவை விட்டுவிட்டார். ஒருநாள் காய் நறுக்கும்போது, “அண்ணி, எனக்காக ஒரு வண்டிகூட காத்துக்கிட்டு நிக்கலைன்னு நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது” என்றாள். இதை நான் அப்பாவிடம் சொன்னேன். அதனால்தான் பிள்ளைகளைக் கொடுக்கிறோம் என்றார்.

பயணத் திட்டம் அப்பா போட்டது. காப்பீட்டு அலுவலகத்தில் இத்தனை காலம் இருந்த புத்தி எங்கே போகும்? எந்தக் கடவுள் அத்தையின் மனத்தைக் கனிய வைப்பார் என்று நிச்சயமில்லாததால் ஒரு மலைக்கோயில், ஒரு தேவாலயம், ஒரு தர்கா என்று எல்லாப் பக்கமும் பாதுகாப்புச் செய்துகொண்டார். ஏதாவது ஒரு சந்நிதியில் வைத்துக் கேட்டால் மறுக்க மாட்டாள் என்பது கணக்கு. பிள்ளைகளையும் கூட்டிப்போனால் ஒட்டுதல் வருமே என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நேரில் பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார். பிள்ளைகள் தூங்கும்போது எடுத்த படங்களை மட்டும் போனில் கொண்டுவந்தார். சித்தி லீவு போட்டு வீட்டில் இருந்தாள்.

வந்த கார் பெரியது, வெள்ளை. டிரைவர் நாற்பது வயதுக்காரர், தன்மையான மனிதர். சொந்தமாக மூன்று கார் வைத்திருக்கிறார், ஓட்டுவதற்கு இரண்டு ஆள், மூன்றாவது ஆள் அவரே. அலுவலகம் என்பது அவருடைய சட்டைப்பை. அந்தப் பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் உட்கார்ந்து பழக்கமில்லாத அப்பா என் தோளுக்கு மேலாக வழி சொன்னார். டிரைவர் ஒவ்வொரு முறையும் “சரிங்க சார்” என்று பணிவாகச் சொல்லிவிட்டு வேறு வழியில் போனார். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் சித்தப்பா, அக்காவுக்குக் குமட்டினால் உதவும் என்று எலுமிச்சம்பழமும் காகிதப் பையும் தயாராக எடுத்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டையும் அவரே உபயோகித்தார்.

ஒரு வளைவில், எதிரே லாரி, ஒரு பக்கம் பள்ளம், மறுபடியும் போன். டிரைவரின் கை சட்டைப்பைக்குப் போனது. அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி “குடுங்க” என்றாள். அவரும் கொடுத்துவிட்டார். அந்தக் குரலுக்கு எத்தனையோ டிரைவர்கள் என்னென்னவோ கொடுத்திருக்கிறார்கள். மறுமுனையில் ஒரு பல் மருத்துவர், கார் வரவில்லை என்று கத்தினார். அத்தை மைக் குரலில் எங்கே நிற்கிறீர்கள், எந்த வாசல், எத்தனை பேர், எத்தனை பெட்டி என்று கேட்டாள். மனிதர் கத்துவதை மறந்துவிட்டுப் பெட்டிகளை எண்ணப் போய்விட்டார். பிறகு விசாரித்ததில், நம் டிரைவர் ஒரே காரை ஒரே வேளைக்கு அந்தப் பல் மருத்துவருக்கும், ஒரு கல்யாண கோஷ்டிக்கும், விமான நிலையம் போகும் இன்னொருவருக்கும் சொல்லியிருந்தது தெரிந்தது. யாரிடமும் முடியாது என்று சொல்ல அவருக்கு மனசு வராதாம். அத்தைக்கு வந்தது. மலை உச்சிக்குப் போவதற்குள் மூன்று பேரையும் மூன்று நேரத்துக்குப் பிரித்து அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து முதல்முறையாக மலையைப் பார்த்தாள். “பரவாயில்ல, பெருசாத்தான் இருக்கு” என்றாள்.

மலைக்கோயிலுக்குக் காரை விட்டு இறங்கிப் படியேற வேண்டும். சந்நிதியில் கேட்டுவிடுவது என்று அண்ணனும் தம்பியும் கண்ஜாடை காட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது கேட்க வேண்டிய இரண்டு பேருக்கும் மூச்சு இல்லை. சித்தப்பா தூணைப் பிடித்துக்கொண்டு, அக்கா, பசங்க, நீ, என்று மூன்று சொல் சொன்னார். அத்தை பதறிப்போய்த் தண்ணீர் வாங்கிவர ஓடினாள். அடுத்த ஊரில் தேவாலயம். உள்ளே நுழையும் இடத்திலேயே பேசக் கூடாது என்று பெரிய எழுத்தில் பலகை. அப்பா விதிமுறைக்குக் கட்டுப்பட்டவர், தெரியுமே. வெளியே வந்து காட்சிமுனைக்குப் போனோம், பனிமூட்டத்தைத் தவிர வேறு காட்சி இல்லை. அப்பா அதையும் படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறார். வெறும் வெள்ளையாகத் தெரிவது உன் போனின் கோளாறு அல்ல.

அந்த ஊரில் அத்தை பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான், பேருந்து நிலையம். பூந்தோட்டம், ஏரி, படகு எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். சின்னதாக, ஈரமாக, நாலு வண்டி நிற்கிற இடம். நானும் அவளும் ஒரு தூணோரம் நின்று ஒரு வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்தோம். நம் ஊரிலிருந்து வந்த வண்டி. “நான் அனுப்பினதெல்லாம் இங்கதான் வந்து நின்னிருக்கு, அண்ணி” என்றாள். பிறகு டைம் ஆபீசைத் தேடிப் போய், வண்டி தாமதம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தர்காவில் நல்ல கூட்டம். வெளியே வந்தபோது சித்தப்பா போனில் பிள்ளைகள் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். அத்தை டிரைவரின் போனில் யாரோ ஒருவருடைய மாமியாரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். இப்படியே கடைசி மலையும் வந்துவிட்டது. வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். அங்கே டிரைவர் அப்பாவிடம், “சார், அக்கா விஷயமா உங்ககிட்ட தனியா ஒண்ணு பேசணும்” என்றார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று நாளாக முன்சீட்டில் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்ததெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது போலிருக்கிறது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உங்களுக்குச் சம்சாரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது சார், இரண்டு பிள்ளைகள், ஏன் சார் என்றாராம் அவர். பிறகுதான், அக்கா தன்னிடம் வேலைக்கு வருவார்களா, என்ன சம்பளம் எதிர்பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். அப்பா என்னிடம் வந்து ரொம்ப நொந்துபோய்ச் சொன்னார்: “பொண்ணு கேட்டிருந்தா மறுத்திருப்பேன்டி. மரியாதையா மறுக்கறதுக்கு வார்த்தைகூட யோசிச்சு வச்சிருந்தேன். சம்பளம் கேக்கறான். இதுக்கு என்ன சொல்றது?” நம் வீட்டுப் பெண் டிரைவரிடம் வேலை பார்ப்பதா என்று அப்பா அவரிடம் கேட்க வாயெடுத்தாராம். உங்களிடம் ஒரு மரியாதைக்குத்தான் சொன்னேன் சார், கேட்க வேண்டியது அவர்களிடம்தானே என்று சொல்லிவிட்டு, அவர் நேராகப் போய் அத்தையிடமே கேட்டுவிட்டார்.

அத்தை பதில் சொல்வதற்குள் சித்தப்பா குறுக்கே பாய்ந்தார். சந்நிதியாவது ஒன்றாவது, தேநீர்க் கடை பெஞ்சிலேயே கொட்டிவிட்டார். “அக்கா, நீ எங்க வீட்டுக்கு வந்துடு. பசங்களோட சும்மா இருந்தா போதும்.” அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். “எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டாள். “நம்ம வீட்டுக்கு என்னக்கா மணி? அங்கயே இருக்க வேண்டியதுதான்.” “திரும்பறது எப்போ?” சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா மலையைப் பார்த்தார். அத்தை கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. “கிளம்பற நேரம் தெரியாத வண்டியை நான் ஸ்டாண்டுக்குள்ள விட்டதே இல்லடா, தம்பி” என்றாள். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, உங்களிடம் எப்படி என்றாள். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை, ஞாயிறு லீவு என்றார். சரி என்றாள். அவ்வளவுதான் பேச்சு. சம்பளம் என்னவென்று அவள் கேட்கவே இல்லை, அதை ஊருக்கு வந்தபிறகு நான் ஞாபகப்படுத்திக் கேட்கவைத்தேன்.

இறங்கி வரும்போது ஒருமுறை அப்பா, நீ என்ன சொல்கிறாய் என்று என்னைக் கேட்டார். இத்தனை நாளில் முதல் தடவை. மலை ரொம்ப அழகாக இருக்கிறது என்றேன்.

இப்போது அத்தைக்கு டயர் கடை மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, இரண்டு போன். சுவர்க்கடிகாரம் அவளே வாங்கி மாட்டினாள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு இடம் கௌரவமானதுதானா என்று பார்த்துவரப் போனார். அவள் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாளாம், நான்கு பேருக்குப் பின்னால் காத்திருந்துவிட்டு வந்தார். மறுநாளும் போனார். டிரைவர்களுக்கு வழி சொல்கிறார் என்று புகார் வந்ததால் இப்போது வாசலோடு நிறுத்தியிருக்கிறாள். நம் தெருவுக்குப் புதிய பால்காரர் கிடைத்துவிட்டார். மத்தியானம் அவள் வந்ததும் நாங்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டு அப்பாவைப் பற்றிப் பேசுகிறோம்.

உனக்கு அந்த வறட்டு இருமல் இன்னும் இருக்கிறதா? மருந்துக் கடைக்காரர் சொன்னதை வாங்கிக் குடிக்காமல் மருத்துவரைப் பார். மாப்பிள்ளையை ராத்திரியில் கணினியை மூடிவிட்டுத் தூங்கச் சொல். காரில் தனியாக வேலைக்குப் போகிறாய், ஓட்டும்போது போன் அடித்தால் அடிக்கட்டும். அத்தை மாதிரி ஆட்கள் எல்லாக் காரிலும் கிடைக்க மாட்டார்கள். அடுத்த முறை வரும்போது விமான நிலையத்துக்குக் கார் வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்லாதே, அத்தையிடம் நேரே சொல். சொந்தக்காரி என்று சலுகை எதிர்பார்க்காதே. சொன்ன நேரத்துக்கு நீ வெளியே வராவிட்டால் வண்டி போய்விடும்.

நீங்கள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், மனம் ஒத்து, நெடுநாள் நன்றாக இருக்க எங்கள் எல்லோருடைய ஆசியும் உண்டு. சித்தப்பா பிறந்தநாள் அடுத்த வாரம் வருகிறது, வாழ்த்துச் சொல்ல மறக்காதே. மதியம் இரண்டு மணிக்கு முன்னால் கூப்பிடு. அதற்கு மேல் பெயின்ட் கடை பூட்டியிருக்கும், பிள்ளைகளை அவரே தூங்க வைத்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா