தொட்டிலில் ஒரு கல்

சிம்பாங் ரெங்கம்,
செவ்வாய்க்கிழமை

அன்பும் பிடிவாதமும் ஒரே அளவில் நிறைந்த என் கணவர் ஜீவன் அவர்களுக்கு,

ஷாமளா எழுதுவது. நானும் அத்தையும் நலம். நடுக்கடலில் எண்ணெய் மேடையில் வேலை செய்யும் உங்களைக் காற்றும் மழையும் அண்டாமல் மாரியம்மன் காக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் விடுப்பு முடிந்து திரும்பும் உங்கள் கூட்டாளி சிறீகாந்தன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை நகரக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பாவம், அவரைத் திட்டாதீர்கள்.

அடுப்படிக் கூரை ஒழுகலைச் சரிசெய்தாயிற்று. காருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தினமும் தைலம் தேய்த்துவிடுகிறேன், தினமும் திட்டு வாங்குகிறேன்.

சமூகநல இலாகாவிலிருந்து மறுபடியும் அழைத்தார்கள். நாம் தத்தெடுக்கக் கேட்டிருந்த அந்தப் பெண் குழந்தையைப் பற்றித்தான். இருபத்தெட்டாம் தேதி நாம் இருவரும் சேர்ந்து வர வேண்டுமாம். வராவிட்டால் அடுத்துக் காத்திருக்கும் தம்பதியைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று அந்த அதிகாரி அம்மா தன்மையாகத்தான் சொன்னார். போன தடவை நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. எந்த வயிற்றுப் பிள்ளையோ, நம்மிடம் ஒட்டுமா என்றீர்கள். அத்தையும் அதையேதான் கேட்டார். தாயும் பிள்ளையும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே கேள்வி! பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய் அழுதேன். இப்போது பதில் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமூகநல வரலாற்றுச் சங்கத்தின் இருபதாம் ஆண்டு விழா. பழைய சாமான் சங்கம் என்று கிண்டல் செய்வீர்களே, அதேதான். யாருடைய உதவியும் எட்டாத காலத்தில் தோட்டத்து மக்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்கிக்கொண்டார்கள் என்று காட்டும் பொருள்களையெல்லாம் டேவான் மண்டபத்தில் பரப்பி வைத்திருந்தோம். சாவு வீடுகளுக்கு இரவல் போன பெரிய சட்டி, பந்தல் கம்பு, பாய், அம்மிக்கல் எல்லாம் இருந்தன. ஸ்கூடாய், தெப்ராவ் என்று எங்கிருந்தெல்லாமோ கூட்டம். நாற்காலி போதாமல் பக்கத்துக் கோயிலில் வாங்கி வந்தோம்.

தலைவர் கனகராஜ் சார் என் பொறுப்பில் விட்டது ஆயாக்கொட்டகையை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போவார்களே, அந்தக் கொட்டகை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு கம்பி நட்டுச் சேலைத் தொட்டில் கட்டினேன். அத்தையின் நீலச் சேலைதான், நீங்கள் படுத்துத் தூங்கியது. அலமாரியிலிருந்து எடுத்துத் தரும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கனகராஜ் சார் பேச ஆரம்பித்ததும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. உங்கள் கெட்டிக்கார மனைவி என்ன செய்தாள் தெரியுமா? பெரிய காற்றாடியை மேடைப் பக்கம் திருப்பிவிட்டாள். காற்று தொட்டிலில் பட்டு, வெறும் தொட்டில் தானாக ஆடத் தொடங்கிவிட்டது.

வெறும் தொட்டில் ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்பது நமக்குப் பால்குடியிலேயே வந்த பயம். கண்காட்சிப் பொருள்தானே என்று நான் அதை மறந்துபோனேன். முன்வரிசைப் பெண்கள் மறக்கவில்லை. அத்தனை பேரும் ஒன்றாக எழுந்துவிட்டார்கள். சார் பேச்சை நிறுத்திவிட்டு, தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று விழித்தார். வாசற்படி ஏறவே என் தோளைப் பிடிக்கும் அத்தை, எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் அந்தத் தொட்டிலை இரண்டு கையாலும் அணைத்து நிறுத்தினார். அம்மிக் குழவியை எடுத்து வரும்படி என்னை அதட்டினார். பிள்ளையைப் போடுமுன் கல்லைப் போடுவது வழக்கமாயிற்றே. தூக்க முடியாமல் தூக்கி வந்து தொட்டிலில் கிடத்தினேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த காளியம்மா மைக்கைக் கேட்டு வாங்கினார். கடைசியாக மூடிய கொட்டகையின் ஆயா அவர். சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தோம். ஆயாக்கொட்டகையில் தூங்கி வளர்ந்தவர்கள் வந்து தொட்டிலைத் தொட்டுவிட்டுப் போங்கள் என்றார். நாலைந்து பேர் வருவார்கள் என்று நினைத்தேன். டேவானே எழுந்து வந்ததுங்க! கோட்டுப் போட்ட வக்கீல், லாரி ஓட்டுபவர், தெப்ராவ் தொழிற்சாலை மேனேஜர், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போய்விட்டது.

ஒவ்வொருவரிடமும் ஆயா ஒன்றுதான் கேட்டார்: யாரிடம் பால் குடித்தாய்? வேலைக்கு நடுவில் மூச்சிரைக்க ஓடி வரும் பெண்களில் முதலில் வருகிறவர், அழுகிற பிள்ளை எதுவோ அதை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாராம். அது யார் பெற்ற பிள்ளை என்று பார்ப்பதில்லையாம். பெற்ற தாயின் பெயரோடு இன்னொரு பெயர், சிலர் இரண்டு மூன்று பெயர்கள், மைக்கில் சொல்லிவிட்டுத் தொட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோபுரத்தைக் கண்டால் கை தானாகக் குவியுமே, அப்படிக் குவிந்தது. இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு நடுவிலா இத்தனை வருடம் பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை என்று அழுதுகொண்டிருந்தோம்?

வரிசை முடிந்த பிறகும் அத்தை தொட்டிலை விடவில்லை. ஆயா அவரைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அத்தையே மைக்கை வாங்கினார்.

"எம் மவன் ஜீவனுக்கு மூணு மாசம் பால் குடுத்தது மரியாயி. நான் காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கெடந்தேன். திரும்பி வந்து கைய நீட்டுனா, பய என்கிட்ட வரல. அவ கழுத்தத்தான் கட்டிக்கிட்டான். அப்படி ஒட்டிக்கிட்டான்."

அவ்வளவு சொல்லிவிட்டு மைக்கை ஆயாவிடம் கொடுத்துவிட்டார். உங்களுக்கு இது தெரியாது, எனக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. நம் கல்யாணத்தில் ஒரு அம்மா உங்கள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு அழுதாரே, யார் என்று நீங்கள்கூடக் கேட்டீர்கள், அவர்தான் மரியாயி. வீட்டுக்கு வரும் வழியில் அத்தை சொன்னார். கல்யாணத்தன்று அவருக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தாராம். ஏன் என்று மட்டும் யாரிடமும் சொல்ல மனசு வரவில்லையாம். அது பொறாமைதான் என்று அவர் வாயாலேயே சொன்னார். எனக்கு அவர்மேல் இதுவரை இல்லாத பிரியம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சேலையை அலமாரியில் வைப்பார் என்று பார்த்தேன். ஹாலில் உத்தரத்துக் கொக்கியைத் துடைக்கச் சொன்னார். நானும் அவரும் தொட்டில் கட்டி, நம் வீட்டு அம்மிக் குழவியை உள்ளே கிடத்தியிருக்கிறோம். இரண்டு நாளாகச் சட்னி மிக்ஸியில்தான் அரைபடுகிறது. மிக்ஸிச் சட்னி வாயில் வைக்க விளங்காது என்பவர் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறார். போகிறபோதும் வருகிறபோதும் தொட்டிலை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறார்.

கல்லை யார் வெளியே எடுப்பது என்று கேட்டேன். பிள்ளையின் அப்பன்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அவருக்கும் இனிமேல் அதைத் தொட அனுமதியில்லை. இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் வந்துவிடுங்கள். கனமான கல்லுங்க, நீங்கள் வந்துதான் தூக்க வேண்டும்.

தொட்டில் கயிறு நீடிக்க அம்மன் துணை நிற்கட்டும்.

உங்களை வாசலில் எதிர்பார்க்கும்
ஷாமளா