மூலை சைட்டைப் பஸ்ஸுக்குக் கொடுத்த விவரம்

கோயமுத்தூர்,
24.11.96

அன்புள்ள கண்ணு தம்பிதுரைக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். பிலாய்க் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. இங்கே பத்து நாளாக அடைமழை. ஒரு காரியம் செய்துவிட்டேன், அடுத்தவர் சொல்லி உனக்குத் தெரியக் கூடாது என்று நானே எழுதுகிறேன். நம் தோட்டத்தை லே-அவுட் போட்டபோது புரோக்கர் நரசிம்மலு ரோட்டை இருபதடியாகக் குறைத்து, ரோட்டின் கடைசியில் பொது இடமாக விடவேண்டியதையும் சைட்டாக்கிவிடலாம் என்றார், நானும் தலையாட்டினேன். இப்போது அறுபது வீடு வந்துவிட்டது. பஸ் கிடையாது. வசதி உள்ளவர்கள் மொபெட் வாங்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் அவிநாசி ரோடு வரை ஒன்றரை மைல் நடக்கிறார்கள். போன மாதம் மில்லுக்குப் போகிற கனகம், மூன்றாவது வீட்டுக்காரி, மழையில் நம் லே-அவுட் ரோட்டிலேயே லாரிக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்துவிட்டது. பார்க்கப் போனேன். "ஆரு மேலயும் தப்பில்லீங்க, ஒதுங்கி நிக்க எடமில்லீங்க" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்குச் சைட் விற்றவன் நான். அங்கே வைத்த காப்பியைக் குடிக்க முடியவில்லை.

மறுநாள் பஸ் கேட்டு டிப்போவுக்கு நடந்தேன். இரண்டு தடவை அலைந்த பிறகு ஒருவர் வந்து அளந்து பார்த்து, உள்ளே வர இந்த ரோடு எப்படியோ போதும், திரும்பத்தான் இடமில்லை என்றார். ரோட்டின் கடைசியில் காலியாக இருந்தது உனக்கு வீடு கட்ட வைத்திருந்த பத்து சென்ட் மூலை சைட் ஒன்றுதான். உன் அம்மா, "பையனுக்குன்னு வெச்சதக் குடுத்துப்போட்டு அவனுக்கு என்னன்னுங்க எழுதுவீங்க" என்று கேட்டாள். இந்த மாதத் தொடக்கத்தில் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். போன வியாழனிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு நடை டவுன் பஸ் வருகிறது. முதல் நாள் டிரைவர் இரண்டு முறை பின்னால் எடுத்துத் திருப்பினார், இப்போது ஒரே ஓட்டில் திருப்பிவிடுகிறார். கனகம் ஊன்றுகோலோடு ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்றிருப்பாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை, அதையும் மறைக்கவில்லை. நீ ஊர் திரும்பினால் இந்த வீட்டின் மேலே ஒரு மாடி எழுப்பலாம், அஸ்திவாரம் தாங்கும் என்று மேஸ்திரி சொல்கிறார். உனக்குக் கோபம் இருந்தால் அப்படியே எழுது, நான் படிக்கிறேன்.

வேலை முடிந்ததும் நேரத்துக்குச் சாப்பிடு. வாடகை வீட்டில் சுவர் ஓதம் அடிக்கிறது என்றாயே, தரையில் படுக்காதே, ஒரு கட்டில் வாங்கிக்கொள். அவிநாசியப்பர் உனக்குத் துணை இருப்பார். உன் அம்மாவை இதில் நான்கு வரி எழுதச் சொன்னேன். அவள் தனியாக எழுதுகிறாளாம், அதை நான் பார்க்கக் கூடாதாம்.

இப்படிக்கு, உன் நன்மையை நினைக்கும்
அப்பா அங்கப்பன்