சுமதி அனுப்பிய பார்சல்

ஆவணி, ஞாயிறு இரவு

என் சிநேகிதி சுமதியின் மகளுக்கு இன்று கல்யாணம். எனக்கு மூட்டுவாதம் வந்தபிறகு அவள் வீட்டில் நடந்த மூன்று விசேஷங்களுக்கு வருகிறேன் என்று சொல்லிப் போகாமல் விட்டிருக்கிறேன். அதனால் இம்முறை அவளிடம் எதுவும் சொல்லவில்லை. மூன்று நாளாக ஒரு வேலையும் செய்யாமல் உடம்பைச் சேர்த்து வைத்தேன். காலையில் விரல் மடங்காது. தாலிகட்டை விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போவதாக எண்ணம்.

பன்னிரண்டரைக்குச் சேலை கட்டி முடித்தேன். சேலைக்கு ஊசி குத்த மட்டும் அரை மணித்தியாலம். ஓட்டோவுக்கும் சொல்லிவிட்டேன். அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சுமதியின் அண்ணன், கையில் சோற்றுப் பார்சலோடு.

சேலை தெரியாமல் கதவை அரைவாசி திறந்து தலையை மட்டும் நீட்டினேன்.

"உங்களுக்கு ஏலாதெண்டு சுமதிக்குத் தெரியும்தானே. முதல் பந்தியிலயே உங்களுக்கெண்டு எடுத்து வைச்சவ. கஷ்டப்பட்டு வர வேண்டாமாம்."

"ஓம் அண்ணை, இண்டைக்கு எழும்பவே ஏலாமக் கிடக்கு."

வேறு என்ன சொல்ல? அந்த வெயிலில் உட்துறைமுக வீதி முழுக்க மிதித்து வந்த மனிதர். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி தங்கச்சி, படுங்கோ" என்று போய்விட்டார்.

ஓட்டோவை வேண்டாம் என்றேன். சோறு நல்ல சோறுதான். பாயசம்கூடத் தனியாகப் போத்தலில் வைத்திருந்தாள். ஊசி கழற்றக் கை வராமல் சேலையோடேயே படுத்துவிட்டேன்.

இப்போது கொண்டையை அவிழ்க்கும்போது விரலில் மல்லிகைச் சரம் தட்டுப்பட்டது. இந்தத் தலையைத்தான் கதவுக்கு வெளியே நீட்டியிருக்கிறேன்.