உங்கள் பட்டியலில் இல்லாத இசைத்தட்டு

இஞ்சாருங்கோ,

நேற்று உங்களுடைய றங்குப் பெட்டியைத் திறந்தோம். மூடியைத் தூக்கியதும் வந்த மணம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. பூச்சி அண்டாமல் நீங்கள் போட்டுவைத்த வெள்ளை உருண்டைகளின் மணம், அதோடு இசைத்தட்டுகளின் சூடேறிய அரக்கு மணம். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வராமல், ஒரு வருசமாகி ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. உங்கள் வாசம் என்று இந்த வீட்டில் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்த மனிசனோடு சண்டை பிடிக்கிறாள் என்று ஊர் சிரித்தாலும் பரவாயில்லை, எழுதித் தீர்க்கிறேன்.

திறந்தது நானும் உங்கள் கொழும்புச் சிநேகிதரும். வருசக்கணக்காக உங்களோடு கடிதத்திலேயே கதைத்துக்கொண்டிருந்தாரே, அவர்தான். தட்டுகளைத் தன் பொறுப்பில் எடுத்துப் பாதுகாக்கிறேன் என்று எழுதிக் கேட்டு, மெயில் ரெயினில் கிளிநொச்சிக்கு வந்து இறங்கினார்.

நான் உங்களைக் கட்டியபோது, நீங்கள் கொழும்புக் கந்தோர் வேலையை உதறிவிட்டு இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயற்காணி எடுத்திருந்தீர்கள். காடு வெட்டிய வெளி, புதிதாய்க் குடியேறிய சனம், தகரம் போட்ட வீடு. அந்தத் தகரத்துக்குக் கீழே அமெரிக்காவில் எப்போதோ செத்துப்போன ஒரு கிற்றார்க்காரன் எனக்கு முன்னமே குடியிருந்தான். கொழும்பில் ஒரு பறங்கியர் வீட்டில் அறை எடுத்து இருந்த காலத்தில் உங்களுக்குப் பிடித்த விசர் அது. ஜாஸ் என்ற சொல்லையே நான் உங்கள் வாயால்தான் முதலில் கேட்டேன். பறங்கிச் சனம் வீட்டுச் சாமானை விற்றுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த வருசங்கள். அவர்கள் விட்டுப்போன தட்டுகள் வைக்கோல் சுற்றிய பார்சலாய் உங்களைத் தேடி வரும்.

அந்தக் கிற்றார்க்காரனுடைய பெயர் தட்டில் இருக்காது. பாண்டுக் குழுவின் பெயர் மட்டும்தான் இருக்கும். பத்துப் பேர் வாசிக்கிற சத்தத்துக்குள் இவனுடைய கிற்றார் இருக்கிறதா என்று காதால்தான் பிடிக்கவேண்டும். அதற்கு உங்களிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்தத் தட்டையும் மூன்று தரம்தான் போடலாம். முதலாம் தரம் கேட்க, இரண்டாம் தரம் கேட்டதைப் பட்டியல் புத்தகத்தில் எழுத, மூன்றாம் தரம் எழுதியதைச் சரிபார்க்க. ஒவ்வொரு தரமும் புது ஊசி. பிறகு உறையில் போட்டு, இலக்கம் எழுதி, பெட்டிக்குள் வைத்தால் அதோடு சரி. ஊசி படப்படத் தட்டுத் தேயும் என்பீர்கள். "பிறகு ஒருநாள் ஆறுதலாய் எல்லாத்தையும் கேப்பம்" என்பீர்கள்.

மெதுவாய்ப் போகிற அந்தத் தட்டு வந்த பின்னேரம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகைக் கீழே வைத்துவிட்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிற ஆளைப்போல அந்தக் கிற்றார் நின்று நின்று போகும். மூன்று தரமும் கதவடியில் நின்றே கேட்டேன். நீங்கள் தலை நிமிரவில்லை, எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த வருசம் எங்கள் பிள்ளை பிறந்து, கண் திறக்காமலே போனது. பால் கட்டி நெஞ்சு கொதிக்க, நான் அறைக்குள் சுருண்டு கிடந்தேன். எனக்கென்று உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன், அந்த மெதுவான தட்டை ஒருக்கால் போடுங்கோ என்று.

"அது மூண்டு தரம் போட்டாச்சு" என்றீர்கள். கொஞ்சம் யோசித்தீர்கள். "எழுதி வைச்சிருக்கிறன். வாசிச்சுக் காட்டட்டோ?"

கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, இங்கிலீசில் எழுதியிருந்ததை எனக்காகத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தும் காட்டினீர்கள். தொடக்கம் மெதுவாக. கிளாரினெட் ஓய்ந்தபின் கிற்றார் தனியாக. கடைசிச் சுரம் மற்றவர்களுக்குப் பிந்தி விழுகிறது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். நீங்கள் என்னைப் பகிடி பண்ணவில்லை, அன்பாய்த்தான் வாசித்தீர்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

பெட்டி இருந்த அறை சித்திரை வெயிலில் அடுப்பாய் எரியும். குசினிக்குக் கிடுகுக் கூரை, மண்சுவர், சாணி மெழுகின தரை. எப்போதும் குளிர்மை. தட்டுகளை அங்கே வைப்போம் என்று எத்தனையோ தரம் சொன்னேன். குசினிப் புகை பட்டால் நாசமாய்ப் போகும், உமக்கென்ன தெரியும் என்று முடித்துவிடுவீர்கள்.

ஒரேயொரு தட்டுத்தான் குசினிக்கு வந்தது. நீங்கள் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கிய தட்டு. இது அவன் இல்லை, ஆரோ அவனைப் பார்த்து வாசிக்கிறான் என்றீர்கள். "உமக்கு வேணுமெண்டால் வைச்சிரும். எத்தினை தரமும் போடும்." பெரிய கொடை! ஊசியும் நீங்கள் கழித்ததுதான், ஒருதரம் பாவித்துத் தகர ரின்னுக்குள் எறிந்த மொட்டை ஊசிகள். நீங்கள் வயலுக்குப் போனதும் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து அதைப் போடுவேன். முடிந்ததும் பழைய சீலைத் துண்டில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் சாத்திவிடுவேன்.

நேற்றுச் சிநேகிதர் முதல் தட்டை உறையிலிருந்து இழுத்தார். வெயிலில் காயப்போட்ட அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. ஒன்றுக்கு மேல் ஒன்றாய் அடுக்கி, தகரத்துக்குக் கீழே எத்தனை கோடை! உள்ளே வைத்ததை நீங்கள் திரும்ப எடுத்துப் பார்த்ததே இல்லையே. ஒரு கீறல் இல்லை, மினுக்கம் குறையவில்லை, ஆனால் ஒன்றும் போட ஏலாது. அந்த மெதுவான தட்டை நானே தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஊசி ஏறி விழுந்து ஓரத்துக்கு ஓடியது. நீங்கள் சொன்ன 'பிறகு ஒருநாள்' நேற்றுத்தான்.

சிநேகிதர் பாவம், ஒவ்வொன்றாய்த் திரும்ப உறையில் போட்டார். பிறகு உங்கள் பட்டியல் புத்தகங்களை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாய்ப் பார்த்தார். இலங்கையில் ஒருவரும் இப்படிச் செய்ததில்லை என்று வியந்தார். தட்டுகளை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். ஓம், கொண்டுபோங்கோ என்றேன். எனக்கு அது எதற்கு? எனக்குத்தான் ஏற்கெனவே வாசித்துக் காட்டியாயிற்றே.

தேத்தண்ணி குடிக்கும்போது, நல்லதாய் ஒன்றாவது மிஞ்சவில்லையா என்று கேட்டார். குசினிக்குப் போய் என்னுடையதைக் கொண்டுவந்து போட்டேன். பாதியில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். முடிந்ததும் இன்னொருதரம் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, இது அவர்தான்" என்றார். "கடைசிச் சுரத்திலை அப்பிடிப் பிந்திறது வேறை ஆருமில்லை. உங்கடை மனிசன் எப்பிடி இதைத் தவறவிட்டவர்?"

பேனையை எடுத்துப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் அடுத்த இலக்கத்தை எழுதினார். தட்டைத் தான் கொண்டுபோய்ப் பத்திரமாய் வைப்பதாகவும், இனி அதைப் போட்டுத் தேய்க்கவேண்டாம் என்றும் சொன்னார். நீங்களே வந்து கதிரையில் இருந்து கதைக்கிற மாதிரி இருந்தது.

"அந்த இலக்கத்தை வெட்டிவிடுங்கோ ஐயா" என்றேன். "உது பட்டியலிலை இல்லாதபடியால்தான் என்ரை கையிலை இருந்தது."

என் முகத்தைப் பார்த்தார். வெட்டிவிட்டார். பின்னேர ரெயினுக்கு உங்கள் புத்தகங்களோடு போய்விட்டார்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை. நீங்கள் காப்பாற்றியதெல்லாம் நீங்கள் சொன்னபடியே தேயாமல் பெட்டிக்குள் கிடக்கிறது. அன்றைக்கு நான் கேட்டது அந்த ஆளைத்தான். அவன் இத்தனை வருசமும் என் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்திருக்கிறான், உங்களுக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல்.

இன்றைக்குக் காலையும் போட்டேன். இப்போது கிற்றாரைவிட ஊசியின் இரைச்சல்தான் கூட. இருந்தாலும் அந்தப் பிந்தின சுரம் இன்னும் கேட்கிறது. தேயட்டும். நாளைக்கும் போடுவேன்.