சில்வர் குரோமேட்டுக்கு நீ சொன்ன விடை

என் நஸ்ரீனுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் நாற்பது நாள் கழித்து நாகூருக்குப் போனேன். உன் உம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு காகிதக் கட்டை நீட்டினார்கள். "அவ பத்திரமா வச்சிருந்தது. என்ன எழுதியிருக்குன்னு நீதான் சொல்லணும் புள்ள."

நம் பி.எஸ்சி. வேதியியல் கேள்வித்தாள்கள். ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் பரீட்சை ஹாலிலேயே பென்சிலில் நீ குறித்த விடை.

அந்தக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? சில்வர் குரோமேட்டின் கரைதிறன் பெருக்க மாறிலியைக் கொடுத்துக் கரைதிறனைக் கேட்டிருந்தார்கள். கரைதிறன் s என்றால் குரோமேட் அயனி s, வெள்ளி அயனி 2s. வெள்ளியின் 2s-ஐ முழுதாக வர்க்கப்படுத்தி, குரோமேட்டின் s-ஆல் பெருக்கினால் 4s³. நான் s-ஐ மட்டும் வர்க்கப்படுத்தி, இரண்டை அப்படியே விட்டு 2s³ என்று போட்டுவிட்டேன்.

பரீட்சை முடிந்து திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். "எனக்கு எட்டு புள்ளி ரெண்டு வந்துச்சு, பத்து அடுக்கு மைனஸ் அஞ்சு. உனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கும் அதேதாண்டி. பேசாம போயி நாளைக்கு இருக்கற ஆர்கானிக் பேப்பருக்குப் படி."

ஏற்கெனவே ஒரு தாளில் தவறியிருந்தேன். இன்னொன்றும் போனால் படிப்பு போதும், அம்மாவோடு நடவுக்குப் போ என்று அப்பா சொல்லியிருந்தது உனக்குத் தெரியும். உன்னை நம்பி நிம்மதியாகப் படித்தேன். இரண்டிலும் தேறினேன். இன்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதே கணக்கை நடத்துகிறேன். "நானும் என் சிநேகிதியும் சேர்ந்தே தப்பாப் போட்டோம்" என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிச் சிரிப்பேன்.

உன் பென்சில் விடை 6.5 × 10⁻⁵. சரியான விடை, நஸ்ரீன்.

உம்மாவிடம் சொன்னேன். "பொய்யா சொன்னா? அவளுக்குப் பொய் சொல்ல வராதே" என்றார்கள்.

"அன்னைக்கு மட்டும் வந்திருக்கு உம்மா."

இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது சொல்ல வாயெடுத்தாயா? நான் வெட்கப்படுவேன் என்று நினைத்தாயா, இல்லை மறந்தே போனாயா?

உன் மகள் சபியாவுக்கு அடுத்த மாதம் வேதியியல் பரீட்சை. நேற்று போனில் இதே மாதிரிக் கணக்கைப் போடச் சொன்னேன். அவளும் இரண்டை வர்க்கப்படுத்தாமல் விட்டுவிட்டாள். எனக்கு உன்னைப் போலப் பொய் சொல்ல வராது. அதனால் பரீட்சை வரை ஞாயிறுதோறும் நாகூருக்கு பஸ் ஏறுவேன். அவளுக்குக் கை பழகும்வரை கூடவே உட்கார்ந்திருப்பேன்.

சபியா இப்போது சின்னம்மா என்று கூப்பிடும்,
உன் செல்வி