கட்டை கட்டி இறக்கிய கார்

தம்பி,

நேற்று போளூரிலிருந்து வந்த பஸ் பாதி மலை ஏறியதும் நின்றுவிட்டது. டிரைவர் இஞ்சின் மூடியைத் தூக்கினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கொதித்த தண்ணீரும் துருவும் கருகிய ஆயிலும் கலந்த அந்த வாடை உனக்குத் தெரியும். எல்லாரும் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினார்கள். நான் மட்டும் உன் நினைப்பாகவே உட்கார்ந்திருந்தேன்.

நீ கார் வாங்கியது எனக்காக. ஊருக்கு அது மறந்திருக்கும். என் தலைச்சன் பிள்ளை ஆஸ்பத்திரியைப் பார்க்காமலேயே, டோலியில் என்னைப் பிரசவத்துக்கு இறக்கிக்கொண்டு போகும் வழியிலேயே போய்விட்டது. டோலியின் முன்பக்கம் உன் தோளில் இருந்தது. மறுபடி நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்ததும், உழவு மாடுகளைத் திருப்பத்தூர் பக்கம் ஓட்டிப் போய் விற்றாய். அப்பா அம்மா இல்லாத எனக்குத் தாய்வீடு என்றால் நீதானே. "இந்த வாட்டி உன்ன எவனும் தூக்க வேணாம்க்கா. காருல போவ" என்றாய். கிளீனராகப் போய் லாரி ஓட்டக் கற்றுக்கொண்ட கர்வம் உனக்கு.

"கார பாக்க நான் போறப்பவே இஞ்சின் சூடா ரெடியா இருந்திச்சிக்கா, தொட்டதும் கெளம்பிட்ச்சி" என்று பிறகு சொன்னாய். அடப்பாவி, அங்கேதான் ஏமாந்தாய். ஆறிய இஞ்சின் எப்படி முக்கி முனகும் என்று நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான் விற்றவன் அதை முன்கூட்டியே ஓட்டி வைத்திருந்தான். அதுகூடப் போகட்டும். மலையில் பிறந்தவன் நீ, மேடே இல்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு காரை வாங்கினாய். நினைத்தால் இப்போதும் உன் மண்டையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

ரோட்டோரம் நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் தயாராக இருந்தன. கார் வரவில்லை, நீ நடந்து வந்தாய். முதல் வளைவிலேயே கொதித்ததாம். ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றி ஊற்றி ஏற்றியிருக்கிறாய். ஊருக்குக் கொஞ்சம் கீழே வெள்ளைப் புகையாகக் கக்கி, அப்படியே இறுகி நின்றுவிட்டது. பெரியப்பா வீட்டு மாடுகளைப் பூட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தோம். "மாட்ட வித்து காரு வாங்கினான், இப்ப கார இழுக்க மாடு கேக்குறான்" என்று பெரியப்பா சொல்ல, ஊரே சிரித்தது. நீயும் சிரித்தாய். எனக்குத்தான் அழுகை வந்தது.

போளூரிலிருந்து வந்த மெக்கானிக் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் கடைந்த மோர் போல வெளுத்திருந்தது. "தண்ணி ஆயில்ல எறங்கிட்ச்சிங்க. இஞ்சின் பிளாக்கு வெடிச்சிக்கீது. பசை வெச்சி அடச்சி மேல பெயிண்ட் அடிச்சிக்கிறான். இது ஓடாது" என்றார். நீ விற்றவனிடம் போனாய். "ஓட்டிப் பாத்துதானே வாங்கின?" என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டானாம்.

எனக்கு வலி எடுத்தது ஒரு காலை நேரத்தில். பஸ் வர இன்னும் எத்தனையோ நேரம் இருந்தது. டோலியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். அதைப் பார்த்ததும் கத்தினேன். செத்தாலும் அதில் ஏற மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டேன். நீ வந்து என் கையைப் பிரித்தாய்.

"கார்ல போலாம் வா."

"அதான் இஞ்சின் செத்துப்போச்சேடா!"

"எறங்கறதுக்கு இஞ்சின் எதுக்குக்கா? நம்ம புளி வண்டி எப்படி எறங்குது?"

புளி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி மலை இறங்கும்போது, அது பிய்த்துக்கொண்டு ஓடாமல் இருக்கப் பின்னால் பெரிய கட்டையைக் கட்டி இழுக்கவிடுவார்களே, அதைப் போலவே காருக்கும் கட்டினாய். கிளையும் தழையுமாக ஒரு மரம். ஊர் ஆண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். சத்தமே போடாத கார், பின்னால் கரகரவென்று தேயும் மரம். வளைவுக்கு வளைவு நிறுத்தி, காந்தும் பிரேக்கில் தண்ணீர் ஊற்றினாய். "தோள பிடிச்சிக்கோ, வலிச்சா நல்லா அழுத்து" என்றாய். அழுத்தினேன். அடிவாரத்தில் ஒரு லாரி கிடைத்தது. அன்று மதியம் என் மகள் பிறந்தாள், உயிரோடு.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "ஒரே சவாரின்னாலும் என் காரு வேலைய முடிச்சிட்ச்சி" என்று சொல்லிச் சிரித்தாய். கார் அடிவாரத்திலேயே கிடந்து பழைய இரும்புக்குப் போனது. மாடு இல்லாமல் உன் நிலம் சாமை விதைக்காமல் கிடந்தது. நீ குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனாய். பொங்கலுக்கு மட்டும் வருவாய். மாமனைக் கண்டால் என் மகள் உன் தோளைவிட்டு இறங்கவே மாட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "மாடு வாங்கினு வர்றேன், அப்புறம் பாக்கலாம்" என்று நழுவிவிடுவாய்.

போன வருஷம் நிழல் மரம் கழிக்க ஏறியவன் கிளையோடு விழுந்துவிட்டாய். தோட்டத்துக்காரர் ஒரு வேன் வைத்து உன்னை அனுப்பினார். நான் அடிவாரத்தில் காத்திருந்து ஏறி, உன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். இதுவும் கொதிக்கட்டும், ஏதாவது ஒரு வளைவில் நின்று போகட்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன். ஊர் வந்துவிட்டால் உன்னை மண்ணில் வைத்துவிடுவார்களே, தம்பி. டிரைவரிடம்கூடக் கேட்டேன், "கொஞ்சம் நிறுத்தேம்பா, வண்டி சூடாயிருக்கும்" என்று. "புது வண்டிம்மா, அதெல்லாம் ஆவாது" என்றான் பாவம், எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

இன்றைக்கும் மலையில் ஏதாவது வண்டி முனகி ஏறும் சத்தம் கேட்டால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு, நில்லு, நில்லு என்று சொல்லிக்கொள்கிறேன். உன்னைக் கொண்டுவந்தது நல்ல இஞ்சின்டா. எங்கேயும் நிற்கவே இல்லை.