கயிற்றுக்கு அந்தப் பக்கம்

மாப்பிள்ளை,

எழுதலாம் என்று தாளை விரித்ததும் ஒரு இலவம்பஞ்சுத் துணுக்கு வந்து அதன் மேல் உட்கார்ந்தது. ஊதினேன். பறந்துபோய், சுற்றிவிட்டு, திரும்ப அங்கேயே வந்தது. உன் சுபாவம். இருக்கட்டும் என்று அதை விட்டுவிட்டு எழுதுகிறேன். நான் எழுதப் பழகியது இந்த வருடம்தான். ஒரு வரி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலையை மென்றுவிடலாம். ஆனாலும் உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். நம் வரப்பு மரத்தை அளந்துவிட்டார்கள். நீ தோற்றுப்போனாய்.

அந்த இலவமரம் நட்டநடு வரப்பில் நின்றது. கொம்புகள் பாதி உன் காட்டின் மேல், பாதி என் காட்டின் மேல். காய் பறிக்கும் நாளில் நீதான் ஆரம்பிப்பாய். "மச்சான், ஒம் பக்கந்தான்யா காய் கூட." நான் இல்லை என்பேன். வெயில் ஏறும்வரை கத்துவோம். பிறகு இரண்டு பக்கத்துக் காயையும் ஒரே குமியாகக் கொட்டுவோம். நான் இரண்டாகப் பிரிப்பேன், நீ எடுப்பாய். சந்தைக்கு மாடு வாங்கப் போனவன் மாதிரி இரண்டு குமியையும் சுற்றிச் சுற்றி வந்துதான் எடுப்பாய்.

நீ கண்ணை மூடிய பிறகு பிள்ளைகள் குமி போடவில்லை. அவனவன் பக்கத்தை அவனவன் பறித்தான். நமக்குப் பொழுதுபோக்காக இருந்தது அவர்களுக்கு வழக்காகிவிட்டது. மயிலாடும்பாறை பஸ் நிறுத்தத்தில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் உன் மகன், "மரம் இருந்தாத்தான சண்ட. வெட்டிருவோம்" என்றான். என் மகன் உடனே சரி என்றான். அந்த வருடம் இருவரும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான். புதன்கிழமைக்கு ரம்பக்காரருக்குச் சொல்லியாயிற்று.

எனக்கு அது ஒப்பவில்லை. அந்த வாரம் பார்த்து வருசநாட்டுப் பக்கம் மரங்களை அளக்கக் கல்லூரிக்காரர்கள் வந்திருந்தார்கள். முக்காலியில் ஒரு மெசின். அது சுழன்றுகொண்டே ஒளியை வீசும். ஒளி கொம்பில் பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்து, கொம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று புள்ளி வைக்கும். கோடிப் புள்ளி சேர்ந்தால் மரம். நான் பிள்ளைகளிடம், "வெட்டாமயே மரத்த அளக்குறாகளாம்டா. அளந்து பாத்துட்டு அப்புறம் வெட்டுங்க" என்றேன். அதில் தனக்குத்தான் ஜெயம் என்று இருவருமே நினைத்தார்கள், சம்மதித்தார்கள்.

கல்லூரிக்காரர்களில் ஒரு பெண் வந்து, "மெசினுக்கு வரப்பு எதுன்னு தெரியாதுங்கய்யா. ரெண்டு கம்பு நட்டு ஒரு கயிறு கட்டுங்க, போதும்" என்றாள். கம்பு நட்டால் மற்றவன் நகர்த்திவிடுவான் என்று இரண்டு பேருக்கும் சந்தேகம். ஆளுக்கொரு முனையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். மெசினை மரத்தைச் சுற்றி இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அசையக்கூடாது. காற்று அடித்தால் கொம்பு ஆடும், அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

"கயிறு தொய்யுது. இழுத்துப் பிடிடா" என்றான் உன் மகன்.

"நீ ஒம் பக்கமா இழுக்குற. அத மொதல்ல விடு."

கொஞ்ச நேரத்தில் என் மகன் காலில் கட்டெறும்பு ஏறியது. உதற முடியாமல் அவன் முகம் கோணியதைப் பார்த்து உன் மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத மாப்ள, ஆடிருவேன்."

மோர் கொண்டுவந்த தங்கச்சி, உன் பெண்டாட்டி, இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "ரெண்டு எருமைகளும் கயித்துல நிக்கிறத அவுக பாக்காமப் போயிட்டாக." கயிறு குலுங்கியது. அந்தப் பெண் அலுத்துக்கொள்ளாமல் மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

மறுநாள் கணினியில் காட்டினாள். நம் மரம் மாப்பிள்ளை, மொட்டையாக, காற்றில் நிற்கிறது. ஒவ்வொரு கொம்புக்கும் குழாய் குழாயாகக் கோத்திருந்தாள். விரலால் திருப்பினால் திரும்புகிறது. நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பார்க்காத உச்சியை மேலிருந்து பார்த்தேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் சிவப்பு. சிவப்புத்தான் கூட. உன் பக்கம். கொஞ்சம்தான், ஆனாலும் கூடுதல்.

உன் மகன் வெகுநேரம் அதையே பார்த்தான். "அப்ப, அப்பா சொன்னது பொய்யா மாமா?"

"அவனுக்குத் தெரியும்டா. என்கூடச் சண்ட போட ஒரு சாக்கு வேணும்ல."

அவன் வெளியே போனான். ரம்பக்காரரிடம் போனில் வர வேண்டாம் என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது. என் மகன் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டான்.

எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் ஊர் கேட்கக் கத்த வேண்டும்போல இருக்கிறது. ஆனால் ஜெயித்ததை யாரிடம் சொல்ல? நேற்று மரத்தடிக்குப் போய், "தோத்துட்டியே மாப்ள" என்று சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லாமல் அது நன்றாக இல்லை. அதனால் வரப்பைத் தாண்டி உன் காட்டில் போய் நின்று, உனக்காக நானே சொன்னேன்: "கொம்ப அளந்துச்சு சரி மச்சான். காய அளந்துச்சா அந்த மெசினு?"

சொல்லிவிட்டு, பதிலுக்குக் கத்த மறுபடி என் பக்கத்துக்கு வந்து நின்றேன்.